நடுவர் இல்லாத ஆட்டம்

"அழுகுணி ஆட்டம் ஆடாதே!"

சிறு வயதில் இதைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? ஜொகூரில் நான் படித்த தமிழ்ப்பள்ளித் திடலில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. நடுவர் என்று யாரும் இல்லை. அவுட்டானால் அவனவனே ஒப்புக்கொண்டு வெளியே போக வேண்டும். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே ஒவ்வோர் ஆட்டத்திற்கும் விசிலுடன் ஆசிரியர் நின்றார். விசில் கேட்காதவரை எதுவும் தவறில்லை என்பதை ஐந்து ஆண்டுகளில் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின் 'அல்டிமேட்' ஆடத் தொடங்கினேன். ஃபிரிஸ்பி தட்டை வைத்து ஆடும் குழு ஆட்டம் என்றால் எல்லாருக்கும் புரியும். ஆட விரும்பும் நண்பர்களுக்காக அதன் அடிப்படை விதிகளை இங்கே தருகிறேன். என் தவறு ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

விதிகள்

1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் உருவாக்கிய ஆட்டம் இது. இன்று சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் ஆடுகிறார்கள். தட்டின் எடை 175 கிராம். அந்த எடையையே தலைப்பாகக் கொண்டு, சென்னை அணி ஒன்றைப் பற்றிய குறும்படம் 2015-இல் வெளிவந்தது.

திடலின் நீளம் 100 மீட்டர், அகலம் 37 மீட்டர். இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்திற்கு இலக்குப் பகுதி உண்டு. அணிக்கு எழுவர். எதிர்முனை இலக்குப் பகுதிக்குள் தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி. பொதுவாக முதலில் 15 புள்ளி எடுக்கும் அணி வெல்லும்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றி, மறு காலைத் திருப்பலாம். எதிரே நிற்பவர் பத்து வரை எண்ணுவார். அதற்குள் எறிந்துவிட வேண்டும். தட்டு தரையில் விழுந்தாலோ, எல்லைக்கு வெளியே போனாலோ, எதிரணி பிடித்தாலோ ஆட்டம் அவர்கள் கைக்கு மாறும். ஒருவரை ஒருவர் இடிக்கக்கூடாது.

இலக்குக் கோடு இலக்குப் பகுதியைச் சேர்ந்தது அல்ல. பிடித்தவரின் கால் முதலில் அந்தக் கோட்டில் பட்டால் புள்ளி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்குகள்

இவ்வளவையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. உலகப் போட்டியிலும் ஆட்டக்காரர்களே தீர்ப்புச் சொல்கிறார்கள். இடிபட்டவர் "ஃபவுல்" என்பார். இடித்தவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் தட்டு முன்பு எறிந்தவரிடமே திரும்பும். அந்தப் பேச்சில் சம்பந்தப்படாதவர்கள் குறுக்கே கத்தக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் கலந்து வட்டமாக நிற்கும். எதிரணிக்கு நன்றி சொல்வார்கள். பிறகு விதியறிவு, உடல் மோதல், நியாய உணர்வு, நிதானம், பேச்சுமுறை என்று ஐந்து தலைப்புகளில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, எதிரணிக்கு மதிப்பெண் தர வேண்டும். வழக்கமான நல்ல ஆட்டத்திற்கு 2.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டிஸ்க் கோல்ஃபிலும் இந்த மரபைக் காணலாம். சங்கிலிக் கூடைக்குள் தட்டை எறியும் ஆட்டம் அது. கூடைக்கு அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார். மற்றவர்கள் அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும். தட்டு எல்லை தாண்டினால் ஓர் எறிதல் தண்டனையாகச் சேரும். தன் கணக்கைத் தானே குறைத்துச் சொன்னால் விளையாட்டே இல்லை.

என் தவறு

ஒரு நட்புமுறை ஆட்டத்தில் 14க்கு 14. பாய்ந்து தட்டைப் பிடித்தேன். என் இடது குதிகால் கோட்டில் பட்டது எனக்குத் தெரியும். எதிரணியில் நம் பழைய மாணவர் ஒருவர் இருந்தார். பின்னால் ஓடி வந்தவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"தம்பி, கால் உள்ளதானே?" என்றார்.

"உள்ளதான் அண்ணே."

அவர் மறுபேச்சு பேசவில்லை. 15க்கு 14. வட்டத்தில் நின்றபோது எங்கள் அணிக்கு நியாய உணர்வில் 4 தந்தார்கள். தோற்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை தேக்கா சந்தையில் தேநீர் வாங்கித் தந்ததும் அந்த அண்ணன்தான். பாதிக் குவளைக்கு மேல் இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"எங்கிட்ட சொன்னது சரி தம்பி. உங்க அணிகிட்டயும் சொல்லணும். அந்த 4 அவங்களுக்கும் சேர்த்துத்தானே குடுத்தோம்?"

மறுவாரப் பயிற்சியில் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் தலைவர் எதிரணிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். சில மாதங்கள் கழித்து வேறோர் ஆட்டத்தில் என் கால் மீண்டும் கோட்டில் பட்டது. யாரும் கேட்கவில்லை. நானே கையை உயர்த்திச் சொன்னேன். தட்டைக் கோட்டருகில் வைத்து மறுபடி தொடங்கினோம். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

தேர்வறையிலும் வேலையிடத்திலும் விசில் ஊதாத தருணங்களே அதிகம். தமிழ்ப்பள்ளித் திடலில் ஏழு வயதில் தெரிந்திருந்த ஒன்றை இருபத்திரண்டு வயதில் திரும்பக் கற்றிருக்கிறேன். நீங்களும் ஒரு மாலை திடலுக்கு வாருங்கள். எறியக் கற்றுத்தருகிறோம். கால் எங்கே பட்டது என்பதை மட்டும் நீங்களே சொல்ல வேண்டும்.