ஒரகடம் சாலையில் ஒரு வரலாற்று வகுப்பு: இணையவழி உரைத் தொடரை நடத்துவது எப்படி?

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். அந்தச் சாலை தொடங்கும் ஊரில் குன்றைக் குடைந்த நரசிம்மர் கோயில் இருக்கிறது. முடியும் ஊரில் இராமானுஜர் பிறந்தார். இடையே, ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து கற்கருவிகளை வெளிக்கொணர்ந்தது. இத்தனையும் அருகிலிருந்தும் இங்கே குடியேறிய பலருக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

அந்தக் குறையை ஒரு சிறு பண்பாட்டு மன்றம் தீர்க்க முடியும். சென்னையில் தமிழ் ஹெரிடேஜ் டிரஸ்ட் மாதந்தோறும் உரை நடத்தி, யூடியூபில் பதிவேற்றி, களப்பயணமும் அழைத்துப் போகிறது. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மறைமலை நகரிலும் அதைச் செய்யலாம். அரங்க வாடகை வேண்டாம். ஐந்தாறு பேரின் உழைப்பு போதும்.

1. தலைப்பை அருகிலிருந்து எடுங்கள்

‘தமிழர் கட்டடக் கலை’ என்று பொதுவாக வைத்தால் கேட்பவர் மனதில் எதுவும் தங்காது. ஒரு தலைப்புக்கு ஓர் ஊர், ஒரு கேள்வி என்று வையுங்கள். முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு மாதிரிப் பட்டியல்:

• மணிமங்கலம்: முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்று. கூரம் செப்பேடு இதைச் சொல்கிறது.
• வல்லம்: மகேந்திரவர்மன் காலக் குடைவரை. செய்வித்தவன் கந்தசேனன் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டே கூறுகிறது.
• திருக்கச்சூர்: சுந்தரர் பாடிய தலம்.
• சானூர்: பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்.
• அதிரம்பாக்கம்: 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் குழுவினர் கண்டறிந்த இடம். இங்குள்ள கற்கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.
• உத்திரமேரூர்: முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டுகள்.

வரலாறு, கலை, சின்னங்களின் பாதுகாப்பு மூன்றும் மாறி மாறி வரட்டும்.

2. ஷிப்டைப் பார்த்து நேரம் குறியுங்கள்

இந்தப் பகுதியில் பாதி வீடுகளின் கடிகாரம் ஷிப்டின்படி ஓடுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை 6 மணி பலருக்கும் ஒத்துவரும். எந்த ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டால் மாற்றாதீர்கள். உரை 45 நிமிடம், கேள்வி 20 நிமிடம் போதும்.

3. பேச்சாளரிடம் முதலிலேயே பேசி முடியுங்கள்

கல்லூரி வரலாற்றுத் துறை ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர்கள், கல்வெட்டுப் பயிற்சி பெற்றவர்கள் ஆகியோரை அணுகுங்கள். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்போர் யார், எவ்வளவு நேரம், பதிவேற்ற அனுமதி உண்டா, மதிப்பூதியம் எவ்வளவு என்ற நான்கையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். தொகை சிறிதானாலும் கொடுங்கள். உழைப்புக்கு மரியாதை அது.

‘எந்தக் கல்வெட்டு, எந்த நூல்?’ என்று பணிவாகக் கேட்டு வாங்குங்கள். கூரம் செப்பேடு, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தகவலாற்றுப்படை தளத்தில் கோயில்கள், கல்வெட்டுகள் பற்றிய குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கும். ஆதாரமில்லாத பெருமைப் பேச்சு மன்றத்தின் பெயரைக் கெடுக்கும்.

4. படங்களே பாதி உரை

பலர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். ஒரு திரைக்கு ஒரு படம், பெரிய எழுத்தில் ஒரு வரி. முதல் படம் வரைபடமாக இருக்கட்டும்: மறைமலை நகர் ரயில் நிலையத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று காட்டுங்கள்.

தேய்ந்த கல்வெட்டை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிப் பிடித்து ஒளி பாய்ச்சினால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எடுப்பாகத் தெரியும். எழுத்தின் மேல் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்க வேண்டாம். மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. பிறர் எடுத்த படமென்றால் அனுமதி பெற்று, பெயரையும் போடுங்கள்.

5. கருவிகளைச் சோதியுங்கள்

ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கும். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். நீங்கள் திட்டமிட்ட 65 நிமிடத்துக்கு இரண்டும் போதாது. ஒருவர் கட்டணக் கணக்கு எடுத்துவிடுவது நல்லது. யூடியூப் நேரலை தேவையென்றால் சில நாள் முன்பே அனுமதி கேட்டு வையுங்கள். முதல் முறை 24 மணி நேரம் வரை ஆகலாம்.

இரண்டு நாள் முன்பு பேச்சாளருடன் கால் மணி நேர ஒத்திகை. படம் சற்று மங்கினால் பொறுப்பார்கள். குரல் கரகரத்தால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே மைக் உள்ள இயர்போன் அவசியம்.

6. அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒருவர் வரவேற்பு, ஒருவர் ஆட்களை அனுமதித்து அவர்கள் மைக்கை அணைப்பது, ஒருவர் கேள்விகளைத் தொகுப்பது, ஒருவர் பதிவு. அறிமுகம் இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். முதல் கேள்வியைப் பள்ளி மாணவருக்கு ஒதுக்குங்கள்.

7. வர முடியாதவருக்கும் போய்ச் சேரட்டும்

ஷிப்டால் வர முடியாதவர் பிறகு கேட்க, இரண்டு நாளில் பதிவேற்றுங்கள். ஊர், காலம், பேச்சாளர் பெயரைத் தலைப்பில் தமிழில் எழுதுங்கள். எந்த நிமிடத்தில் எந்தச் செய்தி என்ற குறிப்பும் நூல் பட்டியலும் கீழே இருக்கட்டும். இப்படிச் சேர்த்தால் சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்துக்கே ஓர் ஒலி–ஒளி ஆவணம் உருவாகிவிடும்.

8. உரை களத்தில் முடியட்டும்

மூன்று உரைக்கு ஒரு முறை அந்த இடத்துக்கே போங்கள். பாதுகாப்பு பற்றிய பேச்சு அங்கேதான் உறைக்கும். மணல்வீச்சால் சுத்தம் செய்த கல்லில் உளி வேலைப்பாடு மழுங்குவதையும், சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லும் காரையும் உதிர்வதையும் நேரில் பார்த்தவர், ஊர்க் கோயில் திருப்பணிக் கூட்டத்தில் பேசாமல் இருக்க மாட்டார்.

யாரிடம் சொல்வது என்பதையும் கற்றுக்கொடுங்கள். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். கோயில் திருப்பணி என்றால் அறநிலையத் துறைச் செயல் அலுவலர். வீட்டுமனைக்கோ ஆலைக்கோ தோண்டும்போது தாழியோ சிலையோ கிடைத்தால் வேலையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் தெரிவியுங்கள்.

இங்கே நிலம் மிக வேகமாக மாறுகிறது. தோண்டிய மண் திரும்ப வராது. அடுத்த மாத ஞாயிறு ஒன்றைக் குறித்து, முதல் பேச்சாளரை இன்றே அழையுங்கள்.