இதயக்கொடி: வண்ணக்கரை இலையைக் காக்கும் முறை

நமது அங்கத்தினருள் நாற்றுப்பண்ணை வைத்திருப்போர் சிலர், தொங்கும் தொட்டிச் செடிகளையும் விற்பனைக்காக வளர்க்கின்றனர். அவற்றுள் இதயக்கொடியின் வண்ணக்கரை வகைக்கு விலை அதிகம், கெடுவதும் எளிது. ஆகவே அதைக் குறித்து இங்கே சிறிது கூறுவோம்.

இக்கொடியின் தாயகம் தென்னாப்பிரிக்கா. நேட்டாலில், பாறையிலிருந்து இது தொங்கிக் கொண்டிருப்பதை ஜான் மெட்லி வுட் என்பார் 1881-ஆம் ஆண்டில் கண்டார். அவர் பெயரையொட்டியே தாவர நூலார் இதனைச் செரோபீஜியா வுட்டியை என்கின்றனர். பாறையிடுக்கில் வாழ்ந்த செடி என்பதை மனத்திற் கொண்டால், வளர்ப்பு முறையில் பாதி தானே விளங்கும். சதைப்பற்றுள்ள இலையிலும், வேரிலுள்ள சிறு கிழங்குகளிலும் இது நீரைச் சேமித்து வைக்கிறது. நாள்தோறும் நீர் ஊற்றுவது இதற்கு உபகாரமன்று, கிழங்கு அழுகிவிடும். இலையை விரலால் மெல்ல மடக்கிப் பாருங்கள். விறைப்பாக நின்றால் நீர் வேண்டா. துவண்டு மடிந்தால், அடித்துளை வழியே வெளிவரும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மண்ணிற் பாதி பருமணலாக இருப்பது நலம். தொட்டி சிறியதாயிருக்கட்டும்.

இனி வண்ணக்கரையைப் பார்ப்போம். சேலைக் கரைக்கு வேறு நிற நூல் ஓடுவதுபோல, இவ்விலையில் பச்சையமுள்ள திசுவும் பச்சையமற்ற திசுவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆனால் துணியின் கரைக்கு உணவு வேண்டுவதில்லை; இலையின் கரைக்கு வேண்டும். வெளுத்த பகுதி தனக்கு உணவு ஆக்கிக்கொள்ள மாட்டாது; நடுவிலுள்ள பச்சை ஆக்குவதை உண்டே வாழ்கிறது. எனவே இவ்வகை மெதுவாக வளரும்; வெளிச்சமும் மிகுதியாகக் கேட்கும். கீழ்த்திசைச் சன்னலின் காலை வெயில் போதுமானது. நண்பகல் வெயில் ஓரங்களைக் கருக்கிவிடும். ஒளி நன்றாயிருந்தால் இளஞ்சிவப்பு கூடும்; குறைந்தால் கணுக்களுக்கிடையே தண்டு நீண்டு, கொடி வெறும் நூலாகும். தொட்டியின் மேற்புறத்திலும் ஒளி விழவேண்டும். கூரையை ஒட்டித் தொங்கவிட்டால் தலைப்பு வழுக்கையாகிவிடும்.

சில சமயம் முழுப்பச்சையான கிளையொன்று கிளம்பும். செடியில் அதுவே செழிப்பானதாகத் தோன்றுமாதலால் வெட்ட மனம் வாராது. எனினும் அடியோடு வெட்டிவிடுக. விட்டால், வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கி, நாளடைவில் தொட்டி முழுவதும் பச்சையாகிவிடும். முற்றும் வெளுத்த கிளையையும் நீக்கலாம். தனியே வேர்பிடித்து வாழும் ஆற்றல் அதற்கில்லை.

விற்பனைக்குப் பெருக்குவோர் இதில் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். தொடர்ந்து பல கணுக்களில் கரை தெளிவாயுள்ள கொடியினின்றே துண்டுகளை எடுத்து, கணு மண்ணில் படுமாறு ஈரமணலின்மேற் கிடத்துங்கள். பச்சைத் துண்டு ஒன்று கலந்தாலும், வாங்கியவர் வீட்டில் பின்னர் பச்சைத் தொட்டியே மிஞ்சும். அவர் நம்மிடம் மறுபடி வரமாட்டார். கணுக்களில் உண்டாகும் சிறு கிழங்குகளையும் மண்ணோடு அழுத்தி வைத்தால் வேர்விடும்.

மாவுப்பூச்சி கணுவிடுக்கில் ஒளிந்திருக்கும். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, அந்தத் தொட்டியைச் சில வாரங்கள் தனியே வைத்திருங்கள்.