முதல் வீட்டுக்கு முன்பணம்



நான் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டு ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். நம் இளைஞர் வகுப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "அண்ணே, நம்ம சம்பளத்துக்கு வீடு வாங்க முடியுமா?" முடியும். ஆனால் கணக்குத் தெரியணும், வரிசை தெரியணும். இந்த மாதப் பாடம் அதுதான்.

ஏன் இது நமக்கு முக்கியம்?

நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தார்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்த நிலையில்தான் 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளி பங்கை வாங்கினார்கள். அந்தக் காசு சேர்ந்து கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் ஆரம்பித்துப் பல தோட்டங்களை வாங்கியது. பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரில் உள்ள சாலையில் நடக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கையில் இருந்தது பெரிய சம்பளம் இல்லை. மாதம் தவறாத பழக்கம்.

1. எவ்வளவு சேர்க்கணும்?

280,000 ரிங்கிட் விலையுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு பேங்க் பொதுவாக 90% வரை கடன் தரும். மீதி 10%, அதாவது 28,000 ரிங்கிட், நம் முன்பணம்.

அதோடு முடியாது. வழக்கறிஞர் கட்டணம் இருக்கு: முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25%. வாங்கும் ஒப்பந்தத்துக்கு 3,500, கடன் ஒப்பந்தத்துக்கு 3,150. சேவை வரியும் மற்ற செலவுகளும் தனி. முத்திரை வரி சாதாரணமாக மாற்றுப் பத்திரத்துக்கு 4,600, கடனுக்கு 1,260 வரும். 500,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு அரசாங்கம் முத்திரை வரி விலக்கு தந்து வருகிறது. அதற்குக் காலக்கெடு உண்டு. கையெழுத்துப் போடும் முன்னே கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

ஆக, கையில் 38,000 ரிங்கிட் இருந்தால் மூச்சு முட்டாது.

2. எங்கே சேர்ப்பது?

4,000 ரிங்கிட் சம்பளம் என்றால் உங்கள் 11%, முதலாளியின் 13% சேர்ந்து மாதம் 960 ரிங்கிட் இபிஎஃப்-இல் விழும். 2024 மே முதல் அது மூன்றாகப் பிரிகிறது. 15% போகும் செஜாத்ரா கணக்கிலிருந்துதான் வீட்டுக்கு எடுக்கலாம். மாதம் 144 ரிங்கிட்; நான்கு வருடத்தில் லாப ஈவு சேர்க்காமலே 6,912.

இங்கே ஒரு விஷயத்தை நல்லாக் கவனிங்க. இபிஎஃப் பணத்துக்கு மனு போட, கையெழுத்தான விற்பனை ஒப்பந்தம் வேணும். அதாவது முன்பணத்தை முதலில் உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் கட்டணும். இபிஎஃப் பிறகுதான் வரும். இதை நம்பி உட்கார்ந்தவர்கள் கடைசி வாரத்தில் அக்காவிடமும் மாமாவிடமும் கடன் கேட்டு ஓடுவதை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

எனவே சம்பளம் வந்த அன்றே 600 ரிங்கிட்டைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். நான்கு வருடத்தில் 28,800. செலவு போக மிஞ்சினதைச் சேர்க்கலாம்னு இருந்தால் எதுவும் மிஞ்சாது. சிலர் கூட்டு போட்டுச் சேர்க்கிறார்கள். கூட்டு நடத்துவதை நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தலைவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவும் கூச்சம். வேண்டாம்.

3. பேங்க் என்ன பார்க்கும்?

280,000-க்கு 252,000 ரிங்கிட் கடன். 35 வருடம், 4.2% வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 1,146. பிடித்தம் போகக் கையில் வருவது 3,500 என்று வைத்துக்கொள்வோம்.

காடித் தவணை 700, பிடிபிடிஎன் 150 என்றால் மொத்தக் கடன் 1,996. அது வருமானத்தில் 57%. பல பேங்குகள் 60 முதல் 70 சதவீதம் வரை ஏற்கும், நீங்கள் உள்ளே.

அதே ஆள் 1,200 ரிங்கிட் தவணைக்குப் பெரிய காடி எடுத்தால் மொத்தம் 2,496, அதாவது 71%. மனு தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். காடியா வீடா என்ற முடிவை நாம் காடிக் கடையிலேயே எடுத்துவிடுகிறோம்!

அடுத்தது சிசிரிஸ். பேங்க் நெகாராவின் இந்தப் பதிவு கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணை தாமதம் என்று காட்டும். உங்கள் அறிக்கையை இலவசமாகவே பார்க்கலாம். வீடு தேடும் முன்னே பாருங்கள். தாமதம் இருந்தால் கட்டிச் சரி செய்து, ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போங்கள்.

இ-ஹெய்லிங் ஓட்டுபவர்கள், சிறு வியாபாரிகளுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. அவர்களுக்காகவே எஸ்ஜேகேபி என்ற கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கு. வருமானத்தைப் பேங்க் கணக்கில் போட்டு வாங்கும் பழக்கம் இன்றே தொடங்கட்டும்.

4. கையெழுத்து போடும் முன்

பழைய வீடு வாங்கும்போது ஏஜெண்டு 2 அல்லது 3 சதவீதம் முதலில் கேட்பார். 280,000-க்கு 3% என்றால் 8,400.

கிள்ளானைச் சேர்ந்த ஒரு தம்பி அப்படிக் கட்டினார். மோட்டார் சைக்கிள் தவணை மூன்று மாதம் பாக்கி. அதனால் கடன் கிடைக்கவில்லை. அவர் ஒப்பமிட்ட கடிதத்தில் 'கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்' என்ற வரி இல்லை. 8,400 ரிங்கிட் அவர் கைக்குத் திரும்பவே இல்லை. அவருடைய அம்மா எங்கள் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே மூன்று விதி. அந்த வரி கடிதத்தில் இருக்கணும். பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞர் கணக்குக்கோ போகணும், ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கணும். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல ஏஜெண்டு தானாகவே காட்டுவார்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வருமானத்தில் இப்போது எத்தனை சதவீதம் கடனுக்குப் போகிறது?
2. நண்பர் கல்யாணம், புதுக் கைப்பேசி, சுற்றுலா: இவற்றில் எதைத் தள்ளிப்போட முடியும்?
3. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரே வீட்டுக்குக் கடன் எடுத்தால் பிறகு என்னென்ன சிக்கல் வரலாம்?

இந்த மாதப் பயிற்சி: அடுத்த வகுப்புக்கு முன் உங்கள் சிசிரிஸ் அறிக்கையையும் இபிஎஃப் கணக்கறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். ஒரு தாளில் மாதத் தவணைகளை எழுதிக் கூட்டி, சேமிக்கப்போகும் தொகையைக் கீழே எழுதுங்கள். அது 100 ரிங்கிட்டாக இருந்தாலும் சரி, இந்தச் சம்பளத்திலிருந்தே ஆரம்பிங்க.