விளையாட்டுக் கணினிக்குச் செயலி தெரிதல்

தமிழாசிரியர் கணினியைப் பற்றி எழுதப் புகுந்ததேன் எனப் பழைய மாணவ அன்பர்கள் வியப்புறலாம். நாம் செய்த பிழையொன்றே எம்மை இதனைக் கற்கச் செய்தது.

உயர்தர வகுப்பு மாணவனொருவன், தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்துடன் விளையாட்டுக் கணினிக்கு உறுப்புக்கள் வாங்கச் சென்றபோது எம்மையுந் துணைக்கு அழைத்தான். பெயரும் எண்ணும் பெரியதாய்த் தோன்றிய செயலியையே வாங்குமாறு கூறினோம். பணத்தின் பெரும்பகுதி அதனோடு கழிந்தது. கிராபிக்ஸ் கார்ட் எனக் கடைகளில் வழங்கும் வரைகலை அட்டைக்கு ஒன்றும் எஞ்சவில்லை. "அதனைப் பின்பு பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். வீட்டிற் பூட்டி மின்னிணைப்புக் கொடுத்தபோது விசிறி சுழன்றது. திரையோ இருண்டே கிடந்தது. செயலியின் எண்ணுக்குப் பின்னே ‘எஃப்’ என்னும் ஓரெழுத்து நின்றது. படந்தரும் பகுதி அதனுள் இல்லை என்பதே அவ்வெழுத்தின் பொருள். ஓரெழுத்தொருமொழி 42 என நன்னூல் வழிநின்று கற்பிக்கும் நாம், அவ்வோரெழுத்தின் பொருளை வினவாது விட்டோம். அதன்பின் கற்றனவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

செயலியின் தொழில்

விளையாட்டு நிகழும்போது கணினியினுள் இருவர் உழைக்கின்றனர். பகைவன் எங்கே நகர்வான், பந்து எவ்வாறு தெறிக்கும் என்பனவற்றைக் கணித்து, வரையவேண்டியவை இவையெனப் பணிப்பது செயலி. பணித்தவற்றை வரைவது வரைகலை அட்டை. செக்கனுக்கு 60 படம் வேண்டுமாயின், ஒரு படத்துக்கு ஒவ்வொருவர்க்குங் கிடைக்குங் காலம் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். இருவருள் எவர் பிந்தினும் படம் பிந்தும். எனவே விரைந்த செயலிக்கு வலுவற்ற அட்டையைத் துணையாக்கின், செயலி வாளா காத்திருக்கும்; அதற்கு மிகையாய்க் கொடுத்த பணம் பயன்படாது.

திரையும் நோக்கத்தக்கது. 1920க்கு 1080 என்னும் அளவில் 2,073,600 படப்புள்ளிகள் உள. 3840க்கு 2160 என்பது அதன் நான்மடங்கு. புள்ளி பெருகுந்தோறும் பாரம் பெரிதும் அட்டைமேலேயே ஏறும்.

எண்கள் மயக்குதல்

கோர் எனப்படும் வேலைக்கூறுகளின் தொகையும் கிகாஹேர்ட்ஸ் வேகமும் மாத்திரம் தரங் காட்டா. 2012இல் வெளிவந்த ஏ.எம்.டி. எஃப்எக்ஸ் 8350 செயலி 8 கோரும் 4.0 கிகாஹேர்ட்ஸ் வேகமும் உடையது. அவ்வாண்டே வந்த இன்டெல் கோர் ஐ5 3570கே, 4 கோரும் 3.4 கிகாஹேர்ட்ஸ் அடிப்படை வேகமும் உடையது. ஆயினும் அக்கால விளையாட்டுக்கள் பெரும்பாலானவற்றிற் பின்னதே முந்தியது. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் ஒரு கோர் முடித்த வேலை மிகுதி என்பதே காரணம். ஆதலின், தாம் விரும்பும் விளையாட்டில் அளந்து கண்ட பயனையே மாணவர் ஒப்புநோக்குக.

எழுத்தும் இருக்கையும்

2022இல் வந்த ரைசன் 5 5600, 6 கோர் உடையது. சிறு பணத்துக்கு ஏற்றது. ஆயின் வரைகலை அட்டையின்றிப் படந்தராது. 2021இன் ரைசன் 5 5600ஜி அதே 6 கோருடன் படந்தரும் பகுதியும் உடையது. அட்டையைப் பிந்தி வாங்க எண்ணுவோர்க்கு இதுவே தக்கது. எனினும் இதன் மூன்றாம் நிலைக் கேச் நினைவகம் 16 மெகாபைட், முன்னதற்கு 32. எனவே அட்டை பூட்டியபின் முன்னதே விரைவுடையது. இன்னுங் குறைந்த முதலுக்கு, 2022இன் கோர் ஐ3 12100எஃப், 4 கோருடன் எளிய விளையாட்டுக்களுக்குப் போதியது. எஃப் என்பதை இங்கும் மறவற்க.

செயலி அமரும் இருக்கை தாய்ப்பலகையில் உளது. மேற்கூறிய ரைசன் இரண்டும் ஏஎம்4 இருக்கைக்கும் டிடிஆர்4 ராமுக்கும் உரியன. 2022இல் வந்த ஏஎம்5 இருக்கை டிடிஆர்5 ஒன்றையே ஏற்கும். ஆகவே செயலியின் விலையோடு பலகை, ராம் என்பவற்றின் விலையையுங் கூட்டியே பார்த்தல் வேண்டும். 16 கிகாபைட் ராமை ஒரு துண்டாக வாங்குவதினும் எட்டெட்டாக இரு துண்டு வாங்குதல் நன்று. ஜி வகைச் செயலிக்கு இது மிகவும் இன்றியமையாதது.

முடிவுரை

எந்த விளையாட்டு, எத்திரை என்பதை முதலில் துணிக. அதற்கேற்ற அட்டைக்குப் பணத்தின் பெரும்பங்கை ஒதுக்குக. அவ்வட்டையைக் காத்திருக்க வைக்காத செயலியை அதன்பின் தெரிக. இறுதியெழுத்தை வாசித்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க.

அம்மாணவன் நான்கு மாதம் சிறுவர்க்குக் கணிதஞ் சொல்லிக்கொடுத்துப் பாவித்த அட்டையொன்று வாங்கினான், திரையும் ஒளிர்ந்தது. அந்நான்கு மாதமும் தாயார் எம்மை ஒரு சொல்லாலுங் கடிந்திலர். அதுவே எம்மை மிகவும் வருத்தியது. பிறர் பணத்துக்கு அறிவுரை கூறுவோர், தாம் அறியாததை அறியேம் எனச் சொல்லப் பழகுதல் வேண்டும். இதனை மாணவர்க்கு மட்டுமன்றி, எம்போன்ற ஆசிரியர்க்கும் இம்மலர் வாயிலாகக் கூறி அமைகின்றோம்.