போர் ஓய்ந்த மறுநாள்

எதிரியின் குண்டுக்கு இரையாவதுதானே வீரமரணம்? விபத்தில் இறப்பதை அப்படிச் சொல்லலாமா? எங்கள் வகுப்பில் ஒருநாள் இந்த விவாதம் எழுந்தது. விடை தேடியபோதுதான் மேஜர் மேரி தெரேஸ் ரோசி என்ற வீராங்கனையின் வரலாற்றை அறிந்தோம்.

1959-ஆம் ஆண்டு பிறந்த ரோசி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓரடெல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். டிக்கின்சன் கல்லூரியில் பயின்றபோதே படைப்பயிற்சியும் பெற்று, 1980-இல் பட்டம் பெற்றார். பின்னர் தரைப்படையில் அதிகாரியாகி, ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றார். அவர் ஓட்டியது சினூக் என்னும் பெரிய ஹெலிகாப்டர். சாதாரண ஹெலிகாப்டரில் மேலே ஒரு பெரிய சுழலி சுற்றும்போது உடற்பகுதி எதிர்ப்புறமாகத் திரும்ப முயலும். அதைத் தடுக்கவே வாலில் சிறு சுழலி உண்டு. சினூக்கிற்கோ முன்னும் பின்னுமாக இரு பெரிய சுழலிகள். அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுவதால் வாலில் சுழலி தேவையில்லை. வலிமை முழுவதும் சுமை தூக்கவே பயன்படுகிறது.

1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக், குவைத்தைக் கைப்பற்றியது. அதை மீட்க எழுந்ததே வளைகுடாப் போர். அக்காலத்தில் அமெரிக்கப் படையில் நேரடியாகப் போரிடும் பிரிவுகளில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் சுமை ஏற்றிச் செல்லும் பிரிவில் இருந்தது. அப்படி ஒரு சினூக் பிரிவுக்கு ரோசி தலைவியாக இருந்தார். 1991 பிப்ரவரி 24-இல் தரைப்போர் தொடங்கியதும், எரிபொருளும் வெடிபொருளும் ஏற்றிக்கொண்டு தம் ஹெலிகாப்டர்களை ஈராக் நாட்டினுள்ளேயே நடத்திச் சென்றார். எரிபொருள் ஏற்றிய ஹெலிகாப்டருக்கு ஒரு குண்டு போதாதா? சட்டம் வகுத்த கோட்டைப் போர்க்களம் மதிக்கவில்லை!

போருக்குச் செல்லுமுன் தொலைக்காட்சிக்குப் பேட்டியளித்தபோது, இத்தருணத்திற்காகவே தாம் பயிற்சி பெற்றதாகவும், ஆயத்தமாக இருப்பதாகவும் அவர் அமைதியாகக் கூறினார்.

பிப்ரவரி 28-இல் போர் நின்றது. உலகம் பெருமூச்சு விட்டது. ஆயினும் படைவீரர்களுக்கு வேண்டியவற்றைச் சுமக்கும் பணி நிற்கவில்லை. மறுநாள், மார்ச் 1-ஆம் நாள், சவூதி அரேபியாவில் இருளில் பறந்தபோது, விளக்கு எரியாத ஒரு கோபுரத்தில் ரோசியின் ஹெலிகாப்டர் மோதி வீழ்ந்தது. உடன் சென்ற வீரர் சிலரும் அவருடன் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய கணவரும் ஹெலிகாப்டர் விமானியாக அதே போரில் பணிபுரிந்தவர். வீடு திரும்பும் நாளை எண்ணியிருந்த அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

வாஷிங்டன் அருகே ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ரோசி துயில்கிறார். 1993-இல் போர் விமானங்களையும் போர் ஹெலிகாப்டர்களையும் ஓட்ட அமெரிக்கப் பெண்களுக்கு வழி திறந்தது. ரோசியைப் போன்று வளைகுடாவில் கடமையாற்றிய பெண்களின் திறமையும் தியாகமும் அதற்குத் துணைநின்றன.

எங்கள் விவாதத்திற்கு விடை கிடைத்தது. வீரம் என்பது எதிரியின் குண்டை மட்டும் பொறுத்ததன்று. வெற்றி முழக்கம் கேட்ட பின்னும், எவரும் பாராட்டாத இரவிலும், ஒப்புக்கொண்ட கடமைக்காகப் புறப்படுவதும் வீரமே. போர்களே இல்லாத உலகை நாங்கள் விரும்புகிறோம். ஆனால் ஏற்ற பணியைக் கடைசிவரை செய்யும் அந்த உறுதியை, தோழியரே, நாமும் கற்றுக்கொள்வோமாக!