தரவுத்தள இணைப்பும் சிக்கனமும்

செகந்திராபாத் உள்ளிட்ட ஐந்து ரயில் முன்பதிவு மையங்கள் 1999-இல் ‘கன்சர்ட்’ அமைப்பால் பிணைக்கப்பட்டன. இவ்வாறு தரவு பல இடங்களில் பரவியிருக்கையில், இணைப்பைப் பேணுவது பொருளாதாரக் கேள்வியும் ஆகும். கடவுச்சொல் சரிபார்ப்பு, நினைவக ஒதுக்கீடு முதலிய செலவுகள் ஒவ்வொரு புதிய இணைப்பிற்கும் நேர்வன. ஒரு பதிவைக் கேட்டாலும் ஆயிரம் பதிவுகளைக் கேட்டாலும் அவை குறையா. ஆகவே, திறந்த இணைப்பை மூடாமல் அடுத்த பணிக்கு அளிப்பதே சிக்கனம்.

கணினி முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிந்து, எல்லாப் பணிகளும் ஒரு பெயராலேயே அழைக்கச் செய்தல் வேண்டும். பணிதோறும் தனித்தனியே எழுதிவைத்தால், கடவுச்சொல் மாறும் நாளில் விடுபட்ட பணி நள்ளிரவில் நின்றுபோகும்.

உச்சவரம்பு இதனினும் முக்கியம். பத்துக் கணினிகளில் பகிர்ந்து ஓடும் கணக்கெடுப்புப் பணி, ஒவ்வொன்றிலும் இருபது இணைப்புகளைப் பிடித்துக்கொண்டால், 200 இடங்கள் நிரம்பிவிடும். பயணச்சீட்டு முகப்பில் காத்து நிற்பவருக்கு இடமிராது.