மனைப் பெருக்கமும் ஊர்ச் சாலைகளும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஓர் ஏரியின் நீரைக்கொண்டு எத்தனை ஏக்கர் பயிரிடலாம் என்பதற்கு ஒரு வரையறை உண்டு. அதனை ஆயக்கட்டு என்கிறோம். ஆயக்கட்டுக்கு அப்பாற்பட்ட நிலத்திற்கும் தண்ணீர் வேண்டுமென்று ஒருவர் கேட்பாராயின், ஏரியில் மிச்ச நீர் உண்டா என்று கணக்குப் பார்த்த பின்னரே ஊரார் இசைவர். கணக்குப் பாராமல் திறந்துவிட்டால் கடைமடை காயும் என்பதை உழவர் யாவரும் அறிவர்.

சாலையும் இத்தகையதே. ஒரு சாலை நாளொன்றுக்குத் தாங்கக்கூடிய போக்குவரத்துக்கும் ஓர் அளவு உண்டு. அவ்வளவுக்கு மேல் வீடுகளைப் பெருக்கினால் சாலையின் கடைசியில் இருப்பவரே முதலில் துன்புறுவர். நெல் மூட்டைகளையும் கரும்பையும் ஏற்றி வரும் உழவரும், பேருந்துக்காகக் காத்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும், நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போகவேண்டிய கர்ப்பிணியும் அவருள் அடங்குவர். ஏரிக்குக் கணக்கு வைத்த நாம் சாலைக்குக் கணக்கு வைப்பது அரிதாக உள்ளது. அக்கணக்கை எவ்வாறு போடுவது, போட்டபின் யாது செய்வது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

குறை எங்கே உள்ளது?

நகரங்களை அடுத்துள்ள ஊராட்சிகளில் புன்செய் நிலங்களும், சிற்சில இடங்களில் நன்செய் நிலங்களும், வீட்டு மனைகளாக மாறி வருகின்றன. இதனை முற்றிலும் தவறு என்று ஒதுக்கிவிட இயலாது. பெருகும் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ நிலத்தை விற்க நேரும் உழவரைக் குறை கூறுவதும் முறையன்று. வரும் மாற்றம் ஒழுங்காக வரவேண்டும் என்பதே நமது கவலை.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் மனை பிரிப்பதற்கு அனுமதி வேண்டுமென்கிறது. ஆயினும் அனுமதியற்ற மனைகள் பல்லாண்டுகள் பெருகிவந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20ஆம் நாள் வரை விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வெளிவந்தன. பின்னர் 2019இல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன.

மனைப்பிரிவுக்குள் அமையும் சாலைகளின் அகலத்தை இவ்விதிகள் வரையறுக்கின்றன. அச்சாலைகளை மனை பிரிப்பவர் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவும் வேண்டும். எனவே, முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவின் உள்ளே பெரும்பாலும் குறை இராது. குறை அதன் வாயிலுக்கு வெளியே உள்ளது. உள்ளே 9 மீட்டர் அகலச் சாலை இருக்கும். வெளியே வந்தால் 3.75 மீட்டர் தார்ச்சாலைதான் இருக்கும். விண்ணப்பங்கள் தனித்தனியே பார்க்கப்படுவதால் எந்த ஒரு மனைப்பிரிவும் பெரும் சுமையாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஐந்து மனைப்பிரிவுகளின் வண்டிகளும் அதே ஊர்ச்சாலையில்தான் இறங்கவேண்டும். அவ்வைந்தையும் கூட்டிப் பார்க்கத்தக்க இடத்தில் இருப்பது ஊராட்சி மன்றமே.

கணக்கிடும் முறை

1934இல் தோன்றிய இந்திய சாலைகள் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு, ஊர்ப்புறச் சாலைகளின் தாங்கும் அளவைப் பற்றி 1990இல் வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. அதில் எல்லா வண்டிகளும் ஒரே அளவுகோலில் கணக்கிடப்படுகின்றன. ஒரு காரை 1 என்று கொண்டால், பிற வண்டிகளின் அளவு பின்வருமாறு:

மிதிவண்டி, இருசக்கர மோட்டார் வண்டி — 0.5
கார், ஆட்டோ — 1
சிறு சரக்கு வண்டி, தனி டிராக்டர் — 1.5
பேருந்து, லாரி — 3
இழுவைப் பெட்டியுடன் கூடிய டிராக்டர் — 4.5
மாட்டு வண்டி — 8

மாட்டு வண்டிக்கு 8 என்பதால் அதனைச் சாலையிலிருந்து விலக்கவேண்டும் என்பது பொருளன்று. அது மெல்லச் செல்வதால் பின்னே வருவன தேங்கி நிற்கும் என்பதையே இவ்வெண் குறிக்கிறது.

சமவெளியில் வளைவுகள் அதிகமில்லாத சாலை, ஒரு நாளைக்குத் தாங்கத்தக்க அளவுகளாக அவ்வழிகாட்டுதல் கூறுவன: 3.75 மீட்டர் தார் அகலமுள்ள ஒருவழித் தடச் சாலை 2,000, 5.5 மீட்டர் அகலமுள்ள இடைநிலைச் சாலை 6,000. 7 மீட்டர் அகலமுள்ள இருவழித் தடச் சாலை 15,000. ஒருவழித் தடச் சாலையில் எதிர்ப்படும் வண்டிகள் தாரை விட்டு மண்ணில் இறங்கி விலகவேண்டும். ஆகையால் தாரின் இருமருங்கும் உறுதியான கப்பித் தரை இருந்தால்தான் 2,000 என்னும் அளவு பொருந்தும். அவ்விடத்தில் பள்ளமும் முட்புதரும் இருந்தால் தாங்கும் அளவு பெரிதும் குறைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

3.75 மீட்டர் சாலை ஒன்றை மட்டுமே கொண்ட ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருநாள் முழுவதும் எண்ணியதில் இருசக்கர வண்டிகள் 900, கார்களும் ஆட்டோக்களும் 150, சிறு சரக்கு வண்டிகள் 40, பேருந்துகளும் லாரிகளும் 60, பெட்டியுடன் கூடிய டிராக்டர்கள் 40, மாட்டு வண்டிகள் 10 சென்றன என்று வைத்துக்கொள்வோம். மேற்கண்ட அளவுகளால் பெருக்கிக் கூட்டினால் முறையே 450, 150, 60, 180, 180, 80 ஆக மொத்தம் 1,100 வரும். சாலையின் அளவு 2,000 ஆதலால் மிச்சம் 900.

அங்கு 300 மனைகள் கொண்ட மனைப்பிரிவு வருகிறது. போவது ஒரு நடை, வருவது ஒரு நடை என்று கொண்டு, வீடொன்றுக்கு இருசக்கர வண்டி நான்கு நடையும், காரோ ஆட்டோவோ ஒரு நடையும் செல்லும் என மதிப்பிட்டால், வீட்டுக்கு 3 ஆகிறது. 300 வீடுகளுக்கு 900. மிச்சம் முழுவதும் தீர்ந்தது.

மனைகள் அனைத்திலும் வீடு எழும்புவதற்குப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். அடுத்த ஆண்டு 200 மனைகளுக்கு மற்றொருவர் விண்ணப்பிக்கும்போது சாலையில் கண்ணுக்குத் தெரிவது பழைய 1,100 மட்டுமே. சாலை காலியாகத்தானே உள்ளது என்று மன்றம் இசைந்துவிட்டால் மேலும் 600 சேரும். எல்லா வீடுகளும் நிரம்பும் நாளில், 2,000 தாங்கும் சாலையின்மேல் 2,600 நிற்கும். ஆகவே, இன்று ஓடும் வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. இசைவளித்த மனைகளிலிருந்து வரவிருக்கும் வண்டிகளையும் இசைவளித்த அன்றே பற்று எழுதிவிட வேண்டும்.

கணக்கு எழுதி வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. “அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு மறுப்பதேன்?” என்று இரண்டாமவர் கேட்கும்போது, வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமின்றிப் பதிவேட்டைத் திறந்து காட்டலாம்.

பிற நாட்டார் கண்ட அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராமபோ என்னும் ஊரில் வீடுகள் விரைந்து பெருகின. 1969இல் அவ்வூர் ஆட்சி மன்றம் ஒரு விதியை இயற்றியது. கழிவுநீர்க் குழாய், வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகிய ஐந்து வசதிகளும் எவ்வளவு அருகில் உள்ளன என்று பார்த்து மனைப்பிரிவுகளுக்கு மதிப்பெண் இட்டனர். 15 மதிப்பெண் கிடைத்தால் அனுமதி உண்டு. எந்த வசதி எப்போது வரும் என்பதற்கு 18 ஆண்டுத் திட்டத்தையும் முன்கூட்டியே வெளியிட்டனர். காத்திருக்க விரும்பாதவர் அவ்வசதியைத் தாமே அமைத்துக் கொடுத்து மதிப்பெண் பெறலாம். 1972இல் அம்மாநில மேல் நீதிமன்றம் இம்முறையைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1983இல் அவ்வூரார் இதனைக் கைவிட்டனர். எனினும், அனுமதியை அடியோடு மறுக்காமல் வசதியோடு சேர்த்துக் காலம் வரையறுக்கலாம் என்ற கருத்து நிலைத்தது.

புளோரிடா மாநிலம் 1985இல் இக்கருத்தை மாநிலம் முழுமைக்கும் சட்டமாக்கியது. சாலை, குடிநீர், வடிகால் முதலியன தயாராகாமல் புதிய கட்டுமானத்திற்கு அனுமதியில்லை என்பது அச்சட்டம். எண்ணம் நல்லதே, ஆயினும் எதிர்பாராத விளைவு ஒன்று நேர்ந்தது. ஊருக்குள்ளிருந்த சாலைகள் நிரம்பியிருந்தன. தொலைவிலிருந்த சாலைகளில் மிச்சம் இருந்தது. எனவே மிச்சமுள்ள இடத்தைத் தேடி வீடுகள் ஊரை விட்டு வயல்வெளிகளுக்குத் தாவின. 2011இல் சாலைக்குரிய இவ்விதி கட்டாயம் என்பதிலிருந்து நீக்கப்பட்டு, உள்ளாட்சிகளின் விருப்பத்திற்கு விடப்பட்டது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கொள்ளவேண்டியவை இரண்டு. திட்டத்தை முன்கூட்டியே யாவரும் அறியச் செய்யவேண்டும். சாலைக் கணக்கை மட்டும் பாராமல், எந்தப் பக்கம் வீடுகள் வரலாம், எந்த ஆயக்கட்டு நிலம் பயிருக்கே நிற்கவேண்டும் என்பதையும் முதலில் முடிவு செய்துகொள்ளவேண்டும்.

ஊராட்சி செய்ய வேண்டியவை

1. சாலைப் பதிவேடு ஒன்று தொடங்குக. ஒவ்வொரு சாலையும் ஊராட்சிக்குரியதா, ஒன்றியத்திற்குரியதா, நெடுஞ்சாலைத் துறைக்குரியதா என்பதையும், தாரின் அகலம், நிலத்தின் அகலம், தாங்கும் அளவு, இன்றைய அளவு, இசைவளித்த மனைகளின் அளவு ஆகியவற்றையும் அதில் குறித்து வருக.

2. ஆண்டுக்கு இருமுறையாவது வண்டிகளை எண்ணுக. சாதாரண நாள் ஒன்றும், அறுவடைக் காலத்தில் ஒரு சந்தை நாளும் ஏற்றவை. ஊர் இளைஞர் நால்வர் முறைவைத்து அமர்ந்தால் இப்பணி முடிந்துவிடும்.

3. நிலத்தின் அகலத்தை இன்றே காத்துக்கொள்க. தாரைப் பின்னர் அகலப்படுத்தலாம். வீடு எழும்பிய பின் நிலத்தைப் பெறுவது பெரும்பாடு. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி, இழப்பீட்டுக்கு நிகரான மற்றொரு தொகையையும் ஆறுதல் தொகையாக அளிக்கவேண்டும். புலப்படத்தில் உள்ள சாலைப் புறம்போக்கை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பை முளையிலேயே தடுப்பது செலவற்ற வழி.

4. பழைய வண்டிப்பாதைகளைத் தேடிப் பார்க்க. முன்னால் உள்ள நிலம் மனையாகும்போது பின்னால் உள்ள உழவரின் பாதை மறைந்துபோவதைப் பல ஊர்களில் காண்கிறோம். அப்பாதை காக்கப்பட்டால் அறுவடை இயந்திரம் வயலுக்குப் போகும். ஊருக்கு இரண்டாவது வழியும் கிடைக்கும்.

5. உள்ள சாலையைச் செம்மை செய்க. ஓரங்களில் கப்பி இடுதல், முட்புதர் அகற்றல், இடையிடையே வண்டிகள் விலகுவதற்கு இடம் அமைத்தல், குறுகிய சிறுபாலத்தை அகலமாக்குதல் ஆகியவை புதிய சாலையினும் குறைந்த செலவில் முடிவன. இப்பணிகளில் பாசன வாய்க்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்வது உறுப்பினரின் கடமை.

6. பேருந்து கேட்டுப் பெறுக. ஐம்பது பேர் செல்லும் ஒரு பேருந்தின் அளவு 3. அவ்வைம்பது பேரும் இருவர் இருவராக 25 மோட்டார் வண்டிகளில் சென்றால் அளவு 12.5. நகரப் பேருந்து ஒரு நடை கூடுவதும் சாலை அகலமாவதற்கு ஒப்பானதே.

7. மனைப்பிரிவு பற்றிய கருத்தைக் கணக்குடன் தெரிவிக்க. சட்டத்தில் இல்லாத கட்டணத்தை ஊராட்சி தானாக விதிக்க இயலாது. ஆனால் இணைப்புச் சாலையின் மிச்சம் இவ்வளவே என்று தீர்மானத்தில் எழுதி, நகர் ஊரமைப்பு அலுவலகத்திற்கும், சாலைக்குரிய துறைக்கும், ஒன்றியத்திற்கும் அனுப்பத் தடையில்லை. மனை பிரிப்பவர் சாலையை ஒட்டிய தம் நிலத்தில் ஒரு பகுதியை அகலப்படுத்துவதற்கு மனமுவந்து எழுதிக் கொடுப்பாராயின் அவருடைய மனைகளுக்கும் அது மதிப்பைக் கூட்டும். இதனை அவருக்கு எடுத்துரைப்பதும் நம் பொறுப்பே.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. முதலிரண்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒருநாள் உழைப்பும் போதும். அடுத்த கிராம சபையில், ஊரின் முதன்மைச் சாலைக்கு மூன்று எண்களையேனும் படித்துக் காட்டுமாறு ஊராட்சிகளை வேண்டுகிறோம். சாலை தாங்குவது எவ்வளவு, இன்று ஓடுவது எவ்வளவு, இசைவளித்த மனைகளால் வரவிருப்பது எவ்வளவு என்பனவே அவை. அவற்றைக் கேட்டபின், அடுத்த மனைப்பிரிவைப் பற்றி ஊரார் தாமே தெளிவாகப் பேசுவர்.